ரிடையரான பின் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?

உங்கள் வீட்டில் யாராவது இந்த வருஷமோ அடுத்த வருஷமோ ரிடையர் ஆகப் போகிறார்களா? உங்கள் கணவர், மாமனார், அல்லது நீங்களேதானா? அப்படியானால் பிரிவுபசார மாலையும் குத்துவிளக்கும் வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். இத்தனை நாளாக உடம்புக்கு வந்தால் கம்பெனியோ சர்க்காரோ பார்த்துக் கொண்டு வந்ததே, அந்த உதவி மாலை போட்ட அன்றோடு நிற்கிறதா, தொடருகிறதா?

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்" என்று சமையலறைக்குப் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பையும் பிளாஸ்க்குமாக நிற்கப் போகிறவர் நீங்கள்தான். கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று உங்களிடம்தான் கேட்பார்.

இந்தக் கேள்வியின் முழுக் கனத்தையும் அறிந்து கொள்ளச் சென்னையைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. நீலகிரி ஜில்லாவின் மேற்குச் சரிவில் இருக்கிறது தேவாலா. நீலகிரி என்றதும் நமக்கு ஊட்டி ஏரியும் ரோஜாத் தோட்டமும்தான் கண்ணில் நிற்கும். தேவாலா அந்த நீலகிரி அல்ல. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கி, நாடுகாணியைத் தாண்டிப் போக வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து செல்லும் பாதை. தென்மேற்குப் பருவ மழை அங்கே பெய்கிறதா, கொட்டுகிறதா என்று சொல்ல முடியாது. டீக்கடையில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். அங்குள்ளவர்களுக்கு ஊட்டியைவிட வயநாட்டுச் சுல்தான் பத்தேரி பழக்கமான ஊர்.

சுற்றிலும் தேயிலை. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. 1976-ல் அது 'டான்டீ' என்ற அரசுக் கழகமாக மாறிற்று. அன்று கொழுந்து பறிக்க வந்த பெண்கள் இன்று பாட்டிமார்.

தோட்டத்தில் வேலை பார்க்கிறவரையில் ஒரு சௌகரியம் இருந்தது. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்திய வசதி செய்து தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. தலைவலிக்கு மாத்திரையோ பிரசவமோ, எல்லாவற்றுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி. ஆனால் அந்த உரிமை வேலையோடு கட்டப்பட்டது. கூடையை இறக்கி வைத்த மறுநாள், அதுவும் இறங்கிவிடுகிறது. மூட்டுவலியும் ரத்தக் கொதிப்பும் அப்போதுதானே ஆரம்பிக்கின்றன!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடைசி நாட்கூலி 440 ரூபாய். கிராஜுவிட்டி என்பது ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் கூலி. ஆக, கைக்கு வருவது 1,98,000 ரூபாய். பிராவிடண்ட் பண்டில் சேர்ந்தது தனி. மாதா மாதம் பென்ஷனோ, 2014 செப்டம்பரில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சம் 1,000 ரூபாய்தான். தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் இருதய ஆபரேஷன் நடந்தால் முப்பது வருஷக் கிராஜுவிட்டி மொத்தமும் பத்து நாளில் போய்விடும். பேத்தியின் கல்யாணத்துக்கு என்று வைத்த பணமாக அது இருக்கலாம். குடியிருக்க ஒரு கூரைக்கு என்று வைத்ததாகவும் இருக்கலாம்.

பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் பென்ஷன் வாங்குகிறவர் வீட்டிலும் கதை இதுதான். பூஜ்யங்கள்தான் கூடுதல்.

முதலில் சர்க்கார் கார்டு

இன்ஷூரன்ஸ் என்றதும் ஏஜெண்டைத் தேடிப் போகாதீர்கள். காசு கொடுக்காமல் கிடைக்க வேண்டியது எது என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசின் 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தோடு இணைந்த பிறகு, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று ஆரம்பத்தில் இருந்த வரம்பு பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், ரொக்கம் இல்லாமல் வைத்தியம்.

இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஏஜெண்டு எவரும் இதைச் சொல்ல மாட்டார். இந்தக் கார்டுக்கு ஆதாரம் ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும். கணவர் காலமான பின் அம்மாவின் பெயரைப் பிள்ளையின் ரேஷன் கார்டில் சேர்த்துவிடுவது நம் வீட்டு வழக்கம். பிள்ளைக்குக் கோயமுத்தூரில் நல்ல சம்பளம் என்றால் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அம்மாவுக்குக் கார்டு கிடைப்பது கஷ்டமாகிவிடுகிறது. அம்மா தனியாகவே தேவாலாவில் குடித்தனம் நடத்துகிறாள் என்றால், அவள் பெயரில் தனிக் கார்டு இருப்பதுதான் முறை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஓரெழுத்து மாறி வேறு பெயர் என்றிருந்தால் அதையும் இன்றே சரி செய்து விடுங்கள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு தாசில்தார் ஆபீசுக்கு ஓடுவது பெரிய அவஸ்தை.

எழுபது வயது நிறைந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2024 அக்டோபர் 29-ம் தேதி மத்திய அரசு 'ஆயுஷ்மான் வய வந்தனா' கார்டை ஆரம்பித்து வைத்தது. அதில் வருமானம் பார்ப்பதில்லை. ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. வருஷத்துக்கு 5 லட்சம். ஏற்கெனவே குடும்பத்துக்குக் கார்டு இருந்தாலும் பெரியவர்களுக்கு இது தனி. உங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆஸ்பத்திரி இதை ஏற்றுக் கொள்கிறது என்பதைக் கலெக்டர் ஆபீசிலுள்ள காப்பீட்டு மையத்திலோ, 14555 என்ற இலவச டெலிபோன் எண்ணிலோ கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். "எல்லா இடத்திலும் செல்லும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி வண்டி ஏறாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நடு ராத்திரியில் மார்வலி வந்தால் தேவாலாக்காரர் ஊட்டிக்கு மலை ஏறுவாரா, பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ இறங்குவாரா? கால் பழகிய பக்கம்தான் போகும். கேரள எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக் கார்டை அந்த ஆஸ்பத்திரி எடுத்துக் கொள்ளுமா என்ற கேள்வி முளைக்கிறது. ஆகவே எந்தக் கார்டாகட்டும், எந்தப் பாலிசியாகட்டும், எத்தனை லட்சம் என்று கேட்பதற்கு முன் "நாங்கள் போகும் ஆஸ்பத்திரி உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மாம்பலத்துக்காரர் வீட்டுக்கும் இதே கேள்விதான்; அங்கே தூரம் மட்டும் கொஞ்சம் குறைவு.

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பென்ஷன்தாரர்களுக்கு 2022 ஜூலையில் ஆரம்பித்த நான்கு வருஷத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பென்ஷனிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது. குடும்பப் பென்ஷன் வாங்கும் விதவைகளுக்கும் அதில் இடம் உண்டு. பிடித்தம் செய்ததற்கு ரசீது போல ஓர் அட்டையும் உண்டு; அது உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறதா?

மில்லிலோ தொழிற்சாலையிலோ ஈ.எஸ்.ஐ. கட்டி வந்தவர் ரிடையர் ஆகிறார் என்றால், ஐந்து வருஷமாவது அதில் இருந்தவர் வருஷத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டித் தமக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடரலாம் என்ற விதி வெகு காலமாக இருந்து வருகிறது. மாசத்துக்குப் பத்து ரூபாய்! இதைக் கட்டாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். காரணம், யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

கூடலூர் கற்றுத் தந்தது

இன்ஷூரன்ஸ் எல்லாம் பணக்காரர் சமாசாரம் என்று நினைப்பவர்கள் தேவாலாவுக்குப் பக்கத்தில் கூடலூரில் நடந்ததைக் கேட்க வேண்டும். பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்களுக்காக 'அக்கார்ட்' என்ற தொண்டு நிறுவனமும், ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், 'அஸ்வினி' நடத்தும் ஆதிவாசி ஆஸ்பத்திரியும் சேர்ந்து 1992-ல் ஒரு காப்பீட்டை ஆரம்பித்தன. நாட்டில் முதன்முதலாகத் தோன்றிய சமூகக் காப்பீடுகளில் அது ஒன்று. கூலி வேலை செய்யும் குடும்பம் வருஷத்துக்கு ஒரு முறை சிறு தொகை கட்டும். தெரிந்த ஆஸ்பத்திரி, தெரிந்த முகங்கள்.

பலன் என்ன? 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று, காப்பீடு உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்துக் கொள்வது இல்லாதவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்று கண்டது. காப்பீடு உள்ளவர்களுக்கு நோய் அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. இல்லாதவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார்கள் என்று அர்த்தம். நம் வீட்டுப் பெரியவர்களும் "எனக்கு ஒன்றுமில்லை, கஷாயம் போதும்" என்பது எப்போதும் உடம்பைப் பார்த்துச் சொல்வதுதானா? பல சமயம் பிள்ளையின் சட்டைப் பையைப் பார்த்துச் சொல்வது!

சரி, கார்டு இருக்கிறது. அதற்கு மேலும் ஏதாவது வேண்டுமா? வேண்டும் என்றால் எது?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் கொள்ளும் குடும்பத்துக்கு, என் அபிப்பிராயத்தில், இன்னொரு பெரிய பாலிசி தேவையில்லை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வைத்தியம் இலவசம். ஆனால் தேவாலாவிலிருந்து துணைக்குப் போகிற மகளுக்குப் பஸ் சார்ஜ், சாப்பாடு, போன கூலி? இதற்கென்றே 'ஹாஸ்பிடல் கேஷ்' என்று ஒரு சின்னப் பாலிசி உண்டு. படுக்கையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகையைக் கையில் கொடுக்கும். பில் எவ்வளவு என்று பார்க்காது. பிரீமியமும் குறைவு. முதல் நாளுக்கு உண்டா, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் செல்லுமா என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வரம்புக்கு மேல் வருமானம் உள்ள வீடுகளுக்குத் தனியார் பாலிசிதான் வழி. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். தேவாலாவுக்கே இதில் அனுபவம் உண்டு! 1880-ஐ ஒட்டி இந்த ஊர்ப் பாறைகளில் தங்கம் இருக்கிறதென்று ஒரே ஆரவாரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்ற நிபுணர் ஆசை காட்டும் அறிக்கை எழுதினார். லண்டனில் இந்தியத் தங்கத்தின் பேரால் நாற்பத்தொரு கம்பெனிகள் 50 லட்சம் பவுன் மூலதனம் காட்டிக் கிளம்பின. இரண்டு மூன்று வருஷத்துக்குள் தேவாலாவில் மிஞ்சியது பாறையும் துருப்பிடித்த இயந்திரமும். வழவழப்பான காகிதத்தில் சிரித்த முகத்தோடு அச்சடித்த பிரசுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பெனிகள்தான் ஞாபகம் வருகின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மோசம் என்று சொல்லவில்லை. பிரசுரம் வேறு, பாலிசி வேறு.

பார்த்து ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவின்படி எல்லாக் கம்பெனிகளும் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற ஒரே மாதிரிப் பாலிசியை விற்கின்றன. ஷரத்துக்கள் எங்கும் ஒன்றே. பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே விலையை ஒப்பிடுவது, ஒரே மாதிரிப் புடவையை இரண்டு கடையில் விசாரிப்பது போல் சுலபம். அதில் பில் தொகையில் நூற்றுக்கு ஐந்து உங்கள் பங்கு. அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு இரண்டு, அதிகம் போனால் நாளுக்கு 5,000. கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 40,000 அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, எது குறைவோ அது.

அறை வாடகை என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அதுதான் பெரிய பள்ளம். இரண்டு லட்சத்துக்குப் பாலிசி; நாளுக்கு 4,000 அனுமதி. "கொஞ்சம் வசதியாக இருக்கட்டும்" என்று 8,000 ரூபாய் அறையில் மாமனாரைப் படுக்க வைத்தீர்களானால், வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழுவதில்லை. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் முதலிய செலவுகளிலும் பாதியைத்தான் கம்பெனி கொடுக்கும். பாதி வாடகை, பாதிப் பணம் என்பது கணக்கு. அறையைத் தேர்ந்தெடுக்குமுன் பாலிசியைக் கவுண்ட்டரில் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது காத்திருக்கும் காலம். பாலிசி எடுத்த முதல் முப்பது நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்லும் பாலிசிகளே அதிகம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு 2024-ல் வந்த விதிப்படி அதிகபட்சம் மூன்று வருஷம். ஆகவே அறுபத்தைந்தில் முழங்கால் மாற்று ஆபரேஷன் தேவைப்படலாம் என்று நினைப்பவர், அறுபத்திரண்டுக்குள் பாலிசி எடுத்திருக்க வேண்டும். வயது கடந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2024 ஏப்ரலிலிருந்து அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி இல்லை என்று கம்பெனிகள் கதவைச் சாத்த முடியாது. அவர்களுக்கு ஏற்றவற்றையும் விற்க வேண்டும். விலை மட்டும் சுடும்! 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது கொஞ்சம் ஆறுதல்.

இந்தச் சூட்டைத் தணிக்க வந்ததுதான் 'டாப்-அப்'. கையில் ஏற்கெனவே சிறு பாலிசி இருக்கிறது, அல்லது மூன்று லட்சம் வரை சமாளிக்கலாம் என்ற சேமிப்பு இருக்கிறது. அதற்கு மேல் போனால் மட்டும் கொடு என்று கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தம் இது. பிரீமியம் நன்றாகக் குறையும். ஆனால் 'டாப்-அப்' வேறு, 'சூப்பர் டாப்-அப்' வேறு. மூன்று லட்சத்துக்கு மேல் என்று எடுத்திருக்கிறீர்கள். ஒரே வருஷத்தில் மாமியார் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கிறார். முதல் பில் இரண்டு லட்சம், இரண்டாவது இரண்டரை லட்சம். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் மூன்றைத் தாண்டவில்லை. ஒரு காசு வராது. சூப்பர் டாப்-அப் வருஷத்துச் செலவைக் கூட்டிப் பார்க்கும். நாலரை லட்சத்தில் மூன்று போக, ஒன்றரை லட்சம் வரும். முதியவர்கள் ஒரு தடவையோடு ஆஸ்பத்திரியை விடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே 'சூப்பர்' என்ற வார்த்தை இல்லாத டாப்-அப்பை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று. பெற்றோரையும் குழந்தைகளையும் ஒரே பாலிசியில் சேர்த்து எடுத்தால், குடும்பத்தில் மூத்தவர் வயதை வைத்தே விலை போடுவார்கள். பெரியவர்களுக்குத் தனியாக எடுப்பதே லாபம். கணவரின் கம்பெனியில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால், அதைத் தனிப் பாலிசியாக மாற்றிக் கொடுப்பார்களா என்று ரிடையர் ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். மாற்றிக் கொண்டால், காத்திருந்த வருஷங்கள் வீண் போகாமல் கணக்கில் வரும்.

விண்ணப்ப பாரத்தில், "சர்க்கரை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை என்று போடுங்கள், ஸார்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கையெழுத்து உங்களுடையது, பாலிசி ரத்தானால் கஷ்டமும் உங்களுடையது. அவர் கமிஷன் மட்டும் அவரிடம் பத்திரமாக இருக்கும்! உள்ளதை உள்ளபடி எழுதி, ஒரு நகல் வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து வருஷம் விடாமல் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, பழைய விவரத்தைக் கிளறிப் பணத்தை மறுக்கக் கூடாது என்பது விதி.

தினசரி மாத்திரைச் செலவை இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அதற்கு அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுத்தார்கள். வாங்கிக் கொள்ள வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பெனி பணம் தர மறுத்தால்? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது; வக்கீல் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

புதுப் பாலிசி வீட்டுக்கு வந்ததும் அதைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மத்தியான்னம் ஓய்வாக உட்கார்ந்து, அறை வாடகை, உங்கள் பங்கு, காத்திருக்கும் காலம், ஆஸ்பத்திரிப் பட்டியல் ஆகிய பக்கங்களைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். ஏஜெண்டு சொன்னதற்கும் அச்சில் உள்ளதற்கும் வித்தியாசம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில சில்லறைப் பிடித்தங்கள் போகக் கட்டிய பணம் திரும்பி வரும். அதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. பாலிசி உங்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்துதான் கணக்கு. தபால் உறையை எறிந்துவிடாதீர்கள்.